காய்கறி டிரே

செத்துப்போச்சு என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்த
பெரம்பூர் டெஸ்மண்ட் சாரிடம் நான் சண்டை போடவில்லை.
பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பிரித்தேன்.
முப்பது புழு. ஊறின சேமியா மாதிரி.
"குழாய்த் தண்ணில கழுவினீங்களா சார்?"
"ஒரே சேறுப்பா. சுத்தமா கழுவிட்டுத்தான் வச்சேன்."
உப்பில் பிறந்ததைக்
குளிப்பாட்டியே கொன்றிருக்கிறார் மனுஷன்.

வத்தம் நீளமாக இறங்குகிற நாளில்
காட்டுக்குப்பத்துக்குக் கீழே முட்டியளவு போவேன்.
மேலே கிடப்பது அனல்மின் சாம்பல்.
அதை ஒதுக்கி ஒரு முழம் போனால்தான்
நாற்றமடிக்கிற கறுப்பு மண்.
அங்கேதான் அவை.
மண்வெட்டி கூடாது, விரல்தான்.
அறுந்தது ஒன்று டப்பாவுக்குள் போனால்
விடிவதற்குள் ஐம்பதையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.
அறுந்ததை அங்கேயே கொக்குக்கு எறிந்துவிடுவேன்.

அப்புறம், தண்ணீர் வேறு ஈரம் வேறு.
இது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது,
எத்தனையோ பக்கெட் புழு செத்தது.
கோமளாவின் பழைய வாயில் புடவைத் துண்டு,
அதே ஆற்றுத் தண்ணீரில் நனைத்துப்
பிழிந்து, இன்னொரு தரம் பிழிந்து,
அதில் பரத்தி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுருட்டி,
மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில்.
டப்பா, ஃபிரிட்ஜின் காய்கறி டிரேவில்.
தக்காளி வெளியே.

தவணையில் வாங்கின ஃபிரிட்ஜ்.
வாங்கினது புழுவுக்கு இல்லை.
கதவில் முட்டை வைக்கிற குழியில்
கோமளாவின் இன்சுலின் இரண்டு குப்பி நிற்கிறது.
"எம் மருந்துக்குக் கீழ உம் புழுவா தேசப்பா?"
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம்.
ஒரு வாரம் கழித்து அவளே டப்பாவைச் சுற்றிச்
சிவப்பு ரிப்பன் கட்டிவைத்தாள்,
பையன் ஊறுகாய் என்று திறந்துவிடக் கூடாதாம்.

நேற்று ராத்திரி மழையில்
தாழங்குப்பம் டிரான்ஸ்பார்மர் வெடித்தது, ஒன்பதே முக்காலுக்கு.
பத்தரைக்கு ஃபிரிட்ஜ் வியர்த்தது.
சைக்கிளில் போய் ஐஸ் கம்பெனி வாட்ச்மேனை எழுப்பிக்
கால் பார் வாங்கிவந்தேன்.
மீன் தெர்மாகோல் பெட்டி. அடியில் ஐஸ்.
ஐஸ்மேல் நேராகப் புழுவை வைக்கக் கூடாது,
விறைத்துப்போகும், கோணியை நாலாக மடித்துப் போடு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது
அவள் சொன்னாள், "நர்ஸும் இதேதான்யா சொன்னாங்க.
சில்லுன்னு இருக்கணும், ஆனா உறையக் கூடாது.
உறைஞ்சா அப்புறம் மருந்தே இல்ல."

ஒரே கோணிமேல்
குப்பி ரெண்டும் டப்பாவும்
பக்கத்தில் பக்கத்தில்.

மணிக்கொரு தரம் கையை உள்ளே விட்டுப்
புறங்கையால் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
"இதுங்களுக்குக் கண்ணு இருக்கா?"
"தலையில நாலு புள்ளி இருக்கு. கண்ணான்னு தெரியல."
"பாவம், நாலு வச்சுகினு இருட்டுல கெடக்குது."
அதற்குப் பிறகு கொசு மட்டும் பேசியது.

ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது.
அறுபத்திரண்டில் மூன்று வெளுத்திருந்தது, எடுத்துப்போட்டேன்.
ஏழு மணிக்கு அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தாள்.
தூண்டில் முள்ளில் எத்தனையோ ஆயிரம் கோத்தவன் நான்,
அந்த ஊசி இறங்கும்போது மட்டும்
காலண்டரைப் பார்ப்பேன்.

டெஸ்மண்ட் சாருக்கு வேறு முப்பது எண்ணிக் கொடுத்தேன்.
காசு நீட்டினார், வேண்டாம் என்றேன்.
"கழுவாதீங்க. வெயில்ல வைக்காதீங்க. ஃபிரீசர்ல வச்சுடாதீங்க.
அப்புறம் சார்,
அந்தத் துணி திரும்பி வரணும்.
வீட்ல கேப்பாங்க."